ராத்திரி அண்ணாந்து பாத்து "நாமெல்லாம் எதுக்கு"ன்னு தோணுன அனுபவம் இருக்குதுங்களா?

பல்லடத்தான்
போன மாசம் ஊட்டிக்குப் போனப்ப முத்தோரையில இருக்கிற ரேடியோ தொலைநோக்கியைத் தள்ளி நின்னு பாத்தேனுங்க. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970-ல கட்டி முடிச்சது. அந்தச் சரிவோட சாய்வு 11 டிகிரி, அந்த இடத்தோட அட்சரேகையும் 11 டிகிரி. அதனால மலைச் சரிவுலயே தொலைநோக்கியைப் பூமியோட அச்சுக்கு இணையா வெச்சு, ஒரே அச்சுல திருப்பி, வானத்துல ஒரு பொருளை ஒம்பதரை மணி நேரம் விடாம தொடர முடியுதாம். கூட வந்த தம்பி சொல்லச் சொல்ல எனக்கு வேற யோசனை. பதினெட்டு தறி வெச்சிருக்கேன், கூலி பாக்கி ஏழு மாசமா வரலை. கல்லாறு எறங்கற வரைக்கும் வாயே தொறக்கலை. இத்தனாம் பெரிய வெட்டவெளியில என்ற தறி ஓடுனா என்ன, நின்னா என்ன?

உங்களுக்கும் இப்படி ஆயிருக்குதுங்களா? இருந்தா எழுதுங்க.

காங்கயம் அம்மணி
எங்க பள்ளிக்கூடத்து மைதானத்துல ஒரு ராத்திரி தொலைநோக்கி வெச்சு சனி கிரகம் காட்டுனோம். நான்தான் பொறுப்பு டீச்சர். துணைக்கு எங்க அமுச்சியும், அதாவது அம்மாவோட அம்மாவும், வந்திருந்தாங்க, வயசு எண்பதுக்கு மேல. பசங்க எல்லாம் பாத்து முடிச்சப்பறம் அவங்களையும் ஸ்டூல் போட்டு உக்கார வெச்சேன். ரொம்ப நேரம் ஒத்தக் கண்ணை மூடத் தெரியாம கையால பொத்திக்கிட்டுப் பாத்தாங்க. "கண்ணாடியில படத்த ஒட்டி வெச்சிருக்கறயா கண்ணு?"ன்னு கேட்டுட்டுக் குழாயை லேசா ஆட்டுனாங்க. சனி ஓடிப்போச்சு. அப்பறம்தான் நம்புனாங்க.

அந்த வெளிச்சம் நம்ம கண்ணுக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்னு சொன்னேன். நம்ம பால்வீதியில மட்டும் சூரியன் மாதிரி பத்தாயிரம் கோடிக்குக் கொறையாம இருக்குதுன்னும் சொன்னேன். பசங்களுக்கு இதைச் சொன்னா வாயைப் பொளப்பாங்க.

அமுச்சி கேட்டது, "அதுல எங்கியாச்சும் ஆராச்சும் குடியிருக்கறாங்களா?"

"இதுவரைக்கும் தெரியலீங் அமுச்சி."

"அப்ப அத்தனையும் சும்மாவா கெடக்குது?"

பக்கத்துக் காட்டுக்காரன் ரெண்டு வருசமா உழுகாமப் போட்டிருந்தா எப்படிச் சொல்லுவாங்களோ, அதே கொரல். எரக்கமும் கொஞ்சம் ஏளனமும். "செரி, பசங்க சோறு உண்டாச்சா?"ன்னு எந்திரிச்சுட்டாங்க. அவ்வளவு பெருசைக் கேட்டுட்டு, தான் சின்னதுன்னு ஒரு நிமிசம்கூட அவங்களுக்குத் தோணலை. எனக்கு அதுதான் இன்னும் ஆச்சரியம்.

நொய்யல்கரை
என் கதை வேற. அப்பா சென்னிமலையில் கைத்தறி நெய்தவர். பவானி கூடுதுறையில் அஸ்தி கரைத்துவிட்டு வந்த வாரம், "ஆயிரத்தில் ஒரு நெசவாளி, ஒரு தடயமும் இல்லாமல் போய்விட்டார்" என்றே மனசு ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊருக்கு மேற்கே நொய்யல் வடகரையில் கொடுமணல். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் அதுதான் என்பார்கள். அங்கே தோண்டி எடுத்த பானைச் சில்லுகளில் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் ஆட்களின் பெயர்கள் கீறியிருக்கின்றன. கண்ணன் ஆதன் என்று ஒன்று, சம்பன் சுமணன் என்று ஒன்று. ராஜாக்களைப் புகழும் மெய்க்கீர்த்தி கிடையாது, வெறும் பெயர். பானை மாறிவிடக் கூடாது என்று கீறியதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

அன்றைக்குப் பரண் மேலிருந்து அப்பாவின் போசிப் பாத்திரத்தை இறக்கினேன். அடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது. இனிஷியல் தப்பு. கடைக்காரர் 'செ' போடுவதற்குப் பதில் 'சே' போட்டுவிட்டார், அப்பா கடைசி வரை அதைச் சொல்லித் திட்டுவார்.

ஆறாமீன் என்கிற கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்து வெளிச்சம் நமக்கு வர சுமார் 440 வருஷம் ஆகிறது. நாம் இன்றைக்குப் பார்க்கும் அந்த வெளிச்சம் கிளம்புவதற்கு ஆயிரத்து ஐந்நூறு வருஷமாவது முன்பே ஆதன் தன் பெயரைக் கீறி முடித்துவிட்டான். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு எனக்குத் தூக்கம் வந்தது. ஏன் என்று விளக்கத் தெரியவில்லை.

பீளமேடு
நல்லாத்தான் இருக்குங்க, ஆனா பேர் நின்னாத்தான் ஆளுக்கு மதிப்புன்னா, பேர் கீறாத பானையில சோறாக்குனவங்க கதி? நான் இயற்பியல் படிச்சவன். பிரபஞ்சம் நம்மளைக் கண்டுக்காதுங்கறது சரிதான். ஆனா அது சனியையும் கண்டுக்காது, அந்தப் பத்தாயிரம் கோடி சூரியனையும் கண்டுக்காது. கண்டுக்கற வேலையே அதுக்கு இல்லை. அதுகிட்டப் போய் நம்ம மதிப்பை விசாரிச்சா, தராசை எடுத்துட்டுப் போய் காய்ச்சல் பாத்த மாதிரி. பல்லடத்தாருக்கு அன்னிக்கு உறுத்துனது வெட்டவெளி இல்லீங்க, ஏழு மாசக் கூலி. சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க.

நொய்யல்கரை
பெயர் நிற்பது பற்றி நான் சொல்லவில்லை. 'சே' பற்றித்தான் சொன்னேன்.

பல்லடத்தான்
பீளமேட்டார் சொன்னது சுருக்குனுதான் இருந்துச்சு. பாதி நெசம். மீதிப் பாதிய நான் ஒத்துக்கலை, கூலி வந்தாலும் அந்த மலையைப் பாத்தா எனக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

அது கெடக்கட்டும். காங்கயம் அம்மணி, அன்னிக்குப் பசங்க உண்டாங்களா இல்லையா, அதைச் சொல்லாமயே உட்டுட்டீங்களே?

காங்கயம் அம்மணி
அரிசிம்பருப்புச் சோறுங்க. ஆற உட்டுட்டோம்னு அமுச்சிகிட்ட எனக்கு வசவு.