மறு: ஸ்க்ரம்-ஹாஃப், தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம்.

ரக்பி வீரர் அந்துவான் டுபோனின் வாழ்க்கைக் கட்டுரை ஒன்றை நாளை மாலைக்குள் மொழிபெயர்த்துத் தர வேண்டும். ஆள் ஸ்க்ரம்-ஹாஃப். இரண்டு அணியிலும் எட்டெட்டுப் பேர் தோள்கோத்து முட்டித் தள்ளுகிறார்களே, அதுதான் ஸ்க்ரம். அதற்குள் பந்தைப் போடுவதும், பின்பக்கம் வெளிவரும் பந்தை எடுத்து வீசுவதும் இவர் வேலை. ஸ்க்ரமுக்குத் 'தள்ளுமுள்ளு' என்று போட்டுவிட்டேன். ஹாஃபை என்ன செய்வது?

க.

*

தம்பி க.,

தள்ளுமுள்ளு என்றால் இலவச வேட்டி வாங்கும் வரிசைதான் நினைவுக்கு வரும். ஸ்க்ரமில் யார் தலை எந்தப் பக்கம் நுழைய வேண்டும் என்பதற்கே விதி உண்டு. 'திரள்' போதும்.

ஹாஃப் எளிது. அரை என்றால் பாதி. இடுப்பும் அரைதான், அரைஞாண் அங்கேதானே கட்டுகிறோம். இடையும் அப்படியே, நடுவுக்கும் இடுப்புக்கும் ஒரே சொல். முன்கள எட்டுப் பேருக்கும் பின்கள வீரர்களுக்கும் நடுவே நிற்பவர், ஆகவே 'திரளிடையர்'. குறிஞ்சிக்கும் மருதத்துக்கும் இடைப்பட்ட முல்லையில் வாழ்ந்ததால் இடையர் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். முல்லைக்கலியில் ஏறு தழுவும் இடத்தைப் பாருங்கள், அங்கும் மோதலும் தள்ளலும்தான்…

ந.

*

ந. ஐயா, ஏறு தழுவியது போதும், க.வுக்கு நாளைக்குக் கெடு. 'திரளிடையர் டுபோன்' என்றால் ஆடு மேய்ப்பவர் என்றுதான் வாசகர் நினைப்பார். வேலையை வைத்துப் 'பந்தெடுப்பாளர்' எனலாமே?

மீ.

*

அதில்தான் சிக்கல், மீ. அக்கா. பந்து எடுத்துக் கொடுப்பதோடு நின்றிருந்தால் டுபோனைப் பற்றி யார் கட்டுரை எழுதப்போகிறார்கள்? இரண்டு காலாலும் உதைப்பார், தன்னைவிடப் பெரிய ஆளைப் பிடித்துச் சாய்ப்பார், பந்தோடு ஓடுபவருக்குப் பக்கத்தில் எப்படியோ முளைத்துவிடுவார். காஸ்த்ர் அணியிலிருந்து 2017இல் துலூஸுக்குப் போனார், அதே ஆண்டு பிரான்சு அணியிலும் இடம். 2021இல் உலகின் சிறந்த வீரர். 2022இல் அவர் தலைமையில் ஆறு நாடுகள் போட்டியின் ஐந்து ஆட்டங்களிலும் வெற்றி. 2024இல் அந்தப் போட்டியையே விட்டுவிட்டு எழுவர் ரக்பிக்குப் போய், பாரிசு ஒலிம்பிக் இறுதியில் ஃபிஜிக்கு எதிராக இரண்டு டிரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) போட்டுத் தங்கம் வாங்கினார். எழுவர் ஆட்டத்தில் ஸ்க்ரமே மும்மூன்று பேர்தான், அதைத் திரள் என்பீர்களா ஐயா?

2025 மார்ச்சில் டப்ளினில் முழங்கால் தசைநார் அறுந்த இடத்துக்கு வரும்போது வாசகர் நெஞ்சு பதற வேண்டும். அங்கே 'பந்தெடுப்பாளர் காயம்' என்று எழுதினால் டென்னிஸில் பந்து பொறுக்கும் பையனுக்கு அடிபட்ட மாதிரி இருக்கும்.

'ஒன்பதாம் எண் வீரர்' என்று வையுங்கள். ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்க்ரம்-ஹாஃபுக்குச் சட்டை எண் 9தான்.

செ.

*

ஒன்பதை நம்மூரில் வசவாக்கி வைத்திருக்கிறார்கள், செ. தலைப்பில் போட்டால் பின்னூட்டப் பெட்டி நாறிவிடும்.

மீ.

*

வசைபாடுகிறவனுக்குப் பயந்து ஓர் எண்ணையே விட்டுக்கொடுப்பதா? நான் ஏற்கவில்லை.

செ.

*

எங்கட பக்கம் றகரம் போட்டு 'றக்பி' என்று எழுதுகிற வழக்கமும் உண்டு. கண்டியிலும் கொழும்பிலும் ஆட்டம் பார்க்கிற சனத்துக்கு ஸ்க்ரம்-ஹாஃப் என்றாலே விளங்கும். பிரெஞ்சுக்காரர் அவரை டெமி த மெலே என்பார்கள், அந்த டெமியும் அரைதான். நியூசிலாந்தில் ஸ்க்ரமை விட்டுவிட்டு வெறும் ஹாஃப்-பேக். அவர்களே ஒத்துப்போகவில்லை, நாங்கள் ஏன் இரவிரவாக அடிபடுகிறோம்?

த.

*

அனைவருக்கும் நன்றி. முதல் இடத்தில் ஸ்க்ரம்-ஹாஃப், அப்புறம் 'இடையாட்டக்காரர்' என்று போட்டு அனுப்பிவிடுகிறேன். மீ., த. இருவரும் சரி என்கிறார்கள். செ. மட்டும் எண்ணை விடமாட்டேன் என்கிறார்.

க.

*

இடையாட்டக்காரர் என்றால் இடையை ஆட்டுபவர் என்றும் பிரியும், கவனித்தீர்களா? அதுகூடப் போகட்டும். ஃப்ளை-ஹாஃப் என்று பத்தாம் எண்ணில் ஒருவர் இருக்கிறாரே, அவரும் ஹாஃப்தான். அவருக்கு என்ன பெயர்? இதைச் சொல்லாமல் இழையை மூடாதீர்கள்.

ந.