'பாலிம்ப்செஸ்ட்' – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

அருங்காட்சியகக் குறிப்பட்டையில் போட ஒரு சொல் வேண்டும். தோல் ஏட்டில் இருந்த எழுத்தைக் கழுவியோ சுரண்டியோ நீக்கிவிட்டு அதன்மேலேயே வேறு நூலை எழுதியிருந்தால் அதைப் பாலிம்ப்செஸ்ட் என்கிறார்கள். கிரேக்க மூலத்துக்கு 'மறுபடி சுரண்டியது' என்று பொருள். என் முன்மொழிவு: அழித்தெழுது சுவடி.

———

> அழித்தெழுது சுவடி

வினைத்தொகை முக்காலத்துக்கும் பொருந்தும். இங்கே சிக்கலே அதுதான். இதைப் படிப்பவருக்குச் சிலேட்டுதான் கண்முன் வரும்: அழித்து அழித்து எழுதவென்றே செய்த பொருள். பாலிம்ப்செஸ்ட் அப்படிச் செய்யப்பட்டதல்ல. தோல் விலை அதிகம், பழைய நூலைக் கேட்பாரில்லை, அதனால் அழித்தார்கள். நடந்து முடிந்த செயல் அது. சொல்லில் இறந்தகாலம் தெரிய வேண்டும்.

கிரேக்கத்துக்கு நேராகச் 'சுரண்டேடு' எனலாமா? இன்றைக்குச் சுரண்டல் என்றால் உழைப்புச் சுரண்டல், இல்லையென்றால் பரிசுக் கூப்பன். வேண்டாம்.

———

ஐயா, 'சுவடி'யையும் எடுத்துவிடுங்கள். சுவடி என்றதும் பனையோலை நினைவுக்கு வரும். ஓலையில் இந்த வேலை நடக்கவே நடக்காது. எழுத்தாணி ஓலையின் மேல்தோலைக் கீறுகிறது. எழுத்து என்பதே அந்தக் கீறல்தான், அதில் கரியும் எண்ணெயும் தேய்ப்பது கண்ணுக்குத் தெரிவதற்காக. கரியைத் துடைத்தாலும் கீறல் போகாது. கீறல் போகும்வரை சுரண்டினால் ஓலையே கிழியும், பின்பக்கத்து எழுத்தும் கெடும். அதனால் நம்மவர்கள் புது ஓலையில் படியெடுத்துக்கொண்டு பழையதைக் கழித்தார்கள். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டதும் உண்டு. நமக்கு இதற்கொரு சொல் இல்லாமல் போனது மொழியின் குறையல்ல, பனையின் குணம்.

கல்லிலும் இதே புத்திதான். திருமழபாடிக் கோயிலில் முதலாம் இராஜராஜன் காலத்தில் கருவறைமேல் விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்டபோது, பழைய கல்வெட்டுகளை முதலில் படியெடுத்து வைத்தார்கள். முதலாம் இராஜேந்திரன் காலத்தில் அவை மறுபடி வெட்டப்பட்டன.

தோலில் கதை வேறு. பழைய மை கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் இரும்பு உப்பும் சேர்ந்தது. அது தோலுக்குள் கடித்து இறங்கும். கழுவினால் மேல்நிறம் போகும், இரும்பு உள்ளே தங்கும். புறஊதா ஒளி பட்டால் தோல் ஒளிரும், மை இருந்த இடம் ஒளியை விழுங்கிக் கறுப்பாகத் தெரியும். ஆர்க்கிமிடீசின் நூல்கள் இப்படித்தான் மீண்டன. 10ஆம் நூற்றாண்டில் படியெடுத்த அந்த ஏட்டை அழித்து, தாளைப் பாதியாக மடித்து, 90 பாகை திருப்பி, 1229இல் அதில் வழிபாட்டு நூல் எழுதினார்கள். அதனால் பழைய வரிகள் புதிய வரிகளுக்குக் குறுக்கே ஓடும். பின்னால் யாரோ சில பக்கங்களில் பழைய ஓவியம்போல் போலிப் படங்களை வரைந்துவிட்டார்கள். அதற்குள் புறஊதா நுழையவில்லை. எக்ஸ்-கதிரில் இரும்பைத் தேடித்தான் படித்தார்கள்.

19ஆம் நூற்றாண்டில் இந்த வசதி கிடையாது. மறைந்த எழுத்தைக் கறுக்க வைக்கத் துவர்ப்புச் சாற்றைத் தடவினார்கள். அன்றைக்கு எழுத்து தெரிந்தது. நாளாக ஆகப் பக்கமே கறுத்துப்போனது.

ஆகவே சொல்லில் 'அழித்தது' மட்டும் போதாது. 'அடியில் இன்னும் இருக்கிறது' என்பதும் வேண்டும்.

———

> 'அடியில் இன்னும் இருக்கிறது' என்பதும் வேண்டும்

எல்லாவற்றையும் ஒரே சொல்லில் ஏற்றினால் அது சொல்லாகாது, விளக்கவுரையாகிவிடும். கிரேக்கச் சொல்லே சுரண்டியதோடு நிறுத்திக்கொள்கிறது. அடுக்குகளுக்குத் தனிச்சொல் வைப்போம்: அழிந்தது அடியெழுத்து, பின்னால் எழுதியது மேலெழுத்து. மேலெழுத்துக்கு மேல்விலாசம், கையெழுத்து என்ற பழைய பொருள்கள் உண்டு. ஆனால் அடியெழுத்தோடு சேர்ந்து வரும்போது குழப்பம் வராது.

ஏட்டுக்கு: அழித்தெழுத்தேடு. 'எடுத்துக்காட்டு' எப்படி வினையெச்சமும் பெயருமாகச் சேர்ந்து நிற்கிறதோ, அப்படியே அழித்து + எழுத்து. கடைசியில் பெயர் நிற்பதால் சிலேட்டு நினைவும் வராது. 'ஏடு' ஓலை, தோல், தாள் மூன்றுக்கும் செல்லும்.

———

நாக்குச் சுளுக்குகிறது. 'அழித்தேடு' என்று சுருக்கலாமே?

———

சுருக்கினால் 'அழி, தேடு' என்று கணினிப் பொத்தான்போலக் கேட்கும். நீளமே இருக்கட்டும்.

வேற்றுமை ஏற்றிப் பார்த்தேன்: அழித்தெழுத்தேட்டை, அழித்தெழுத்தேட்டில், அழித்தெழுத்தேடுகள். தடுக்கவில்லை. ஒரு நகரத்தையோ நிலப்பரப்பையோ உருவகமாகச் சொல்லும்போது 'ஏடு' ஒட்டாது. அங்கே 'அழித்தெழுதிய நகரம்' என்று பெயரெச்சமாகவே விடலாம்.

குறிப்பட்டை வாசகம்: "அழித்தெழுத்தேடு. தோல். அடியெழுத்து: கிரேக்கம், 10ஆம் நூற்றாண்டு. மேலெழுத்து: வழிபாட்டு நூல், 1229. அடியெழுத்து குறுக்காக ஓடுவதால் தலையைச் சாய்த்துப் பார்க்கவும்."