ராணுவக் கட்டிடங்களில் தணிக்கை ஏன் எல்லாம் முடிந்த பிறகே வருகிறது?

சைட்குமார்:
ஒரு வாரமாக சிகார் (SIGAR) அறிக்கைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா கொட்டிய பணத்தைக் கண்காணிக்க அமெரிக்க நாடாளுமன்றம் 2008-ல் உருவாக்கிய அமைப்பு அது. அங்கே ஹெல்மண்ட் மாகாணத்தில் இருந்த அமெரிக்கப் படையின் லெதர்நெக் முகாமில் 64,000 சதுர அடிக்கு ஒரு தலைமையகம், செலவு சுமார் 3.6 கோடி டாலர். இது வேண்டாம் என்று அங்கிருந்த தளபதியே 2010 மே மாதம் எழுதியும் கட்டி முடித்தார்கள், அமெரிக்கப் படை ஒரு நாள்கூட அதைப் பயன்படுத்தவில்லை. இவ்வளவு கண்காணிப்பு இருந்தும் ஏன் நிறுத்த முடியவில்லை?

பழையபொறியாளர்:
நிதி ஒதுக்கியாகிவிட்டது, இனி ரத்து செய்வது சரியில்லை என்று மேலே இருந்த இன்னொரு ஜெனரல் அந்த ஆகஸ்டிலேயே மறுத்துவிட்டார், அவ்வளவுதான். ஒதுக்கிய பணத்தைத் திருப்பி அனுப்பினால் கெட்ட பெயர் என்ற எண்ணம் எல்லா அரசாங்கத்திலும் உண்டு, நம் ஊரில் மார்ச் மாதம் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் பார்க்கலாம். அப்போதைய சிகார் தலைவர் ஜான் சாப்கோ இதைப் பற்றிக் கடிதம் எழுதியது 2013-ல், கட்டிடம் எழுந்து நின்ற பிறகு. அவரால் பரிந்துரைக்கத்தான் முடிந்தது, வேலையை நிறுத்தும் அதிகாரம் இருக்கவில்லை.

செங்கல்சூளை:
குமார், வர்தக் மாகாணத்துக் கதையையும் படியுங்கள். போலீஸ் பயிற்சிக்காக 2012-ல் ஏறக்குறைய ஐந்து லட்சம் டாலரில் கட்டிய சுவர்கள் நாலே மாதத்தில் மழையில் கரைந்தன. காரணம் செங்கல்: முழுக்க மணல், களிமண் போதவில்லை. ஒரு கல்லை எடுத்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டிருந்தால், இல்லை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டிருந்தால் தெரிந்திருக்கும், எங்கள் மேஸ்திரி லோடு இறங்கும்போதே செய்கிற சோதனை அது. ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்டார்கள், பில்லும் கொடுத்தார்கள், உத்தரவாதக் காலத்தில் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுச் சரிசெய்ய வைக்கவும் இல்லை. கடைசியில் ஆப்கன் அரசே தன் பணத்தில் இடித்துக் கட்ட வேண்டியதாயிற்று.

சைட்குமார்:
இருவருக்கும் நன்றி. பணம் போனதைவிட என்னைத் தூங்கவிடாதது ஃபோம் விஷயம். ஆப்கன் ராணுவத்துக்காகக் கட்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிடங்களில் எளிதில் தீப்பிடிக்கும் ஃபோமை வெப்பக் காப்புக்காக அடித்திருக்கிறார்கள், 2012-ல் சில கட்டிடங்கள் எரிந்தும் போயின. முதலில் மாற்றச் சொன்னார்கள். அப்புறம் 2014 ஜனவரியில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவின் உயரதிகாரி ஒருவர், அங்கே தங்குபவர்கள் இளவயது, திடகாத்திரமான வீரர்கள், ஏதாவது நடந்தால் சட்டென்று வெளியே வந்துவிடுவார்கள் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார். காய்ச்சலோடு படுத்திருப்பவன், அசந்து தூங்குபவன், அவனெல்லாம் எப்படி ஓடுவான்?

பழையபொறியாளர்:
அதை எழுதியவரை ஒரு ராத்திரி அந்தக் கொட்டகையில் தங்க வைத்திருக்க வேண்டும். கட்டும்போதே தீத்தடுப்பு ஆய்வாளர் ஒருவர் அங்கே நின்று, அவர் கையெழுத்து இல்லாமல் பில் பாஸ் ஆகாது என்று வைத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.