ஒளி அலையா, துகளா? தக்கலைப் பக்கம் உதவி தேவை

தக்கலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். லேசர் பாயிண்டரை வைத்து இரட்டைப் பிளவுச் சோதனையை (ஒளியை அருகருகே உள்ள இரண்டு மெல்லிய பிளவுகள் வழியே விடுவது) காட்டினேன். சுவரில் சிவப்பும் இருட்டுமாக வரிகள் விழுந்ததும் ஒளி அலைதான் என்று ஒத்துக்கொண்டார்கள். ஒளிமின் விளைவுதான் (ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியே வருவது) தலைவலி. சிவப்பு ஒளியை எவ்வளவு கூட்டினாலும் துத்தநாகத்திலிருந்து எலக்ட்ரான் வராது, மங்கலான புற ஊதாவுக்கு வரும் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஒளி துகள் துகளாக ஆற்றலைக் கொடுக்கிறது என்று ஐன்ஸ்டைன் 1905-இல் சொல்லிவிட்டார் என்பது அவர்களுக்குப் பதிலே இல்லை. (சரியான பிள்ளைகள்!)

ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, ஒவ்வொன்றாக அனுப்பினாலும் புள்ளி புள்ளியாகச் சேர்ந்து அதே வரிகள் வருகின்றனவே, தனியாகப் போனது எதோடு குறுக்கிட்டது என்று ஒருத்தி கேட்கிறாள். கணக்கில்லாமல் இதை எப்படிச் சொல்வது?

அப்புறம், ஒளிமின் விளைவை நேரில் காட்ட, நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் யாரிடமாவது தங்க இலை மின்காட்டி (மின்னூட்டம் இருக்கிறதா என்று காட்டும் கருவி) இருந்தால் ஒரு நாள் இரவல் தருவீர்களா? புற ஊதா விளக்கும் வேண்டும். கள்ளநோட்டு பார்க்கிற விளக்கு போதாது, கிருமி கொல்லும் 254 நானோமீட்டர் விளக்குதான் வேண்டும். கண் பாதுகாப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.