பழைய லயத்தில் ஒரு காம்பராவையாவது காப்பாற்ற வழி இருக்கா?

தொங்கல் வீட்டுக்காரி (பொகவந்தலாவை):
எங்கட தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் எழும்புது. சந்தோசம்தான், எங்கட சனம் எவ்வளவு காலம் காத்துக் கிடந்தது! ஆனால் குடி மாறினதும், தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக இருந்த கல் லயத்தை இடிச்சு, கல்லை ரோட்டுக்குப் போடப்போறதாகப் பேச்சு. அந்தத் தொங்கல் காம்பரா (கடைசி அறை) ஒன்றாவது நிக்கவேணும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி. நடுச்சுவர் கூரைவரைக்கும் போகாது. பக்கத்துக் காம்பராவில் பிள்ளை இருமினால் இங்க கேட்கும். தகரத்தின் அடிப்பக்கம் அடுப்புப் புகையில் தார் பூசினமாதிரிக் கறுத்திருக்கு. இஸ்தோப்பில், அதான் முன் திண்ணையில், அம்மி கிடந்த இடம் குழிஞ்சிருக்கு.

லூல்கந்துரவில் 1867ல் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் இருந்த இடத்தை இன்றைக்கும் ஆட்கள் போய்ப் பார்க்கிறாங்க. கந்தப்பொலையில் ஹெதர்செட் ஸ்டோரே, அதாவது தேயிலைத் தொழிற்சாலையே, ஹோட்டலாகிட்டுது. அந்த ஸ்டோருக்குக் கொழுந்து சுமந்தவங்க படுத்த இடம் மட்டும் மரபில்லையா? எங்க போய்க் கேட்கிறது?

ஹட்டன் தம்பி:
அக்கா, கோவிக்காதீங்க. இடிக்கட்டும். ஒழுகிற இடமெல்லாம் சட்டி வச்சிட்டு எங்கம்மா விடிய விடியக் குந்தியிருந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதைச் சுற்றுலாக்காரர் படம் பிடிச்சால் எனக்கு வயிறு எரியும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் (கண்டி):
மகள், முதல்ல சட்டத்தைப் பாருங்க. 1940 தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியதைத்தான் தொன்மையாக எடுக்குது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன கண்டி ஒப்பந்த நாள் அது. எங்கட ஆட்கள் தோட்டத்துக்கு வந்ததே அதற்குப் பிறகு! பிந்திய கட்டடம் என்றால் நூறு வருசம் கடந்திருக்கவேணும், வர்த்தமானியில் தனியாக அறிவிக்கவேணும். அதனால் லயத்தின் வயதுக்கு அத்தாட்சி தேடுங்க: பழைய தோட்ட வரைபடம், தொழிலாளர் பெயர் பதிஞ்ச செக்ரோல் புத்தகம், எது கிடைச்சாலும் சரி.

துரையிடம் (தோட்ட மேலாளரிடம்) வாய்ப்பேச்சு போதாது. 1992ல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனாலும் காணி அரசுடையது. கம்பனிக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் சேர்த்தே எழுதுங்க. கம்பளைப் பக்கம் ஓல்ட் பீக்கொக் தோட்டத்துக்கும் ஒருக்கால் போய் வாங்க. தொழிலாளருக்கான அருங்காட்சியகத்தை அங்க லயத்திலேயே வச்சிருக்கிறாங்க. ஹந்தானையில் இருப்பது தேயிலை அருங்காட்சியகம். அங்க ரோலர்களையும் டிரையர்களையும் பார்க்கலாம். ஓல்ட் பீக்கொக்கில்தான் ஆட்களின் கதை.

தொங்கல் வீட்டுக்காரி:
நன்றி சேர். இந்த 1815 கணக்கு மனசைச் சுடுது.

தம்பி, உங்கம்மா குந்தியிருந்த அந்த ராத்திரிக்குச் சாட்சி வேணும் என்றுதான் கேட்கிறேன். ஒழுக்கையும் சேர்த்துக் காட்டுவோம், வெள்ளையடிச்சு அழகு காட்டவேணாம். அதில் ஒருத்தரும் இனிக் குடியிருக்கவும் கூடாது.

கோயிலை எங்கட ஆட்கள் விடமாட்டாங்க, அந்தப் பயம் இல்லை. காலையில் பெயர் கூப்பிடுற பிரட்டுக்களம், காமன் கூத்து ஆடுற காமன் பொட்டல், பூட்டின ஸ்டோரில் மெசின் காக்கிற சாமி ரோதமுனிக்கு விளக்கு வச்ச மூலை, இதுகளுக்குத்தான் ஆளில்லை. வாற ஞாயிறு அளவு நாடாவோட லயத்துக்குப் போறோம். சுவர், கதவு, இஸ்தோப்பு எல்லாம் அளந்து படம் கீறவேணும். பொகவந்தலாவைப் பக்கம் கீறத் தெரிஞ்ச பிள்ளைகள் இருந்தால் இங்க எழுதுங்க. பழைய பிரட்டுப் படம் யாரிடமாவது இருந்தால் அதையும் போடுங்க.

ஹட்டன் தம்பி:
ஞாயிறு நானும் வாறேன் அக்கா. அம்மாவையும் கூட்டிட்டு வரலாமா?