டிஎல்எல் ஃபோல்டரிலேயே இருக்கிறது, மேக்ரோ ஏற்க மாட்டேன் என்கிறது

டெஸ்பாட்ச்_அம்பத்தூர்:
வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் டெஸ்பாட்ச் பார்க்கிறேன். பெட்டியை எடை மெஷினில் வைத்தால் எடை எக்செல்லில் தானாக விழ, சி மொழியில் எழுதிய டிஎல்எல் (வேறு புரோகிராம்கள் ஏற்றிப் பயன்படுத்தும் கோடு ஃபைல்) ஒன்றை மேக்ரோவில், அதாவது எக்செல்லுக்குள் எழுதிய சிறு புரோகிராமில், அழைக்கிறோம். எட்டு வருஷம் ஓடியது. திங்கட்கிழமை புது கம்ப்யூட்டர் வந்ததும் டிஎல்எல்லை மேக்ரோவுக்கு அறிமுகப்படுத்தும் டிக்ளேர் வரிகள் எல்லாம் எரர் என்று சிவந்துவிட்டன. அவற்றில் பிடிஆர்சேஃப் என்ற சொல்லைச் சேர்த்தேன், சிவப்பு போனது. இப்போது ஓடவிட்டால் ரன்டைம் எரர் 48, டிஎல்எல்லை ஏற்ற முடியவில்லையாம். பையன்கள் எடையை நோட்டில் எழுதுகிறார்கள். நேற்று 18.4 கிலோ பெட்டி 14.8 என்று பதிவாகி, ஸ்ரீபெரும்புதூர் போன லாரியைக் கேட்டிலேயே திருப்பிவிட்டார்கள். யாராவது வழி சொல்லுங்கள்.

கிண்டி_மேக்ரோ:
பிடிஆர்சேஃப் என்பது ‘இந்த வரியை 64 பிட்டுக்குச் சரிபார்த்துவிட்டேன்’ என்று நீங்கள் எக்செல்லுக்குக் கொடுக்கும் வாக்கு, அவ்வளவுதான் சார். டிஎல்எல் அதனால் மாறாது. 64 பிட் எக்செல்லுக்குள் 32 பிட் டிஎல்எல் ஏறவே ஏறாது. ஆபீஸ் 2019 முதல் எதையும் மாற்றாமல் இன்ஸ்டால் செய்தால் 64 பிட்தான் வரும். ஃபைல், அக்கவுண்ட், அபவுட் எக்செல் போய்ப் பாருங்கள். டிஎல்எல்லின் சோர்ஸ் கோடு (சி-யில் எழுதிய மூலம்) இருந்தால் அதிலிருந்து 64 பிட் டிஎல்எல்லை பில்ட் செய்யுங்கள், இல்லாவிட்டால் 32 பிட் ஆபீஸ் போடுங்கள். அப்புறம், டிக்ளேர் வரிகளில் பாயிண்டர் (மெமரி முகவரி), ஹேண்டில் (விண்டோஸ் தரும் அடையாளம்) வருகிற இடத்தில் மட்டும் லாங் என்ற டைப்பை லாங்பிடிஆர் ஆக்குங்கள். எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். விண்டோஸில் சி-யின் இன்ட் (முழு எண் டைப்) 64 பிட்டிலும் 4 பைட்தான், அதற்கு லாங்கே சரி.

டெஸ்பாட்ச்_அம்பத்தூர்:
64 பிட்தான் சார். பழைய பென்டிரைவில் சோர்ஸ் கிடைத்தது, தெரிந்த தம்பி ஒருவர் பில்ட் செய்து கொடுத்தார். அவர் லேப்டாப்பில் ஓடுகிறது. எங்களிடம் எரர் 53, ஃபைல் இல்லை என்கிறது. ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது! டிக்ளேரில் முழுப் பாதையும் கொடுத்திருக்கிறேன்.

வேளச்சேரி_அக்கா:
உங்கள் டிஎல்எல் இருக்கும் தம்பி, அது தேடுகிற இன்னொரு டிஎல்எல் இருக்காது. ஆனால் எரரில் உங்கள் டிஎல்எல்லின் பெயர்தான் வரும். இதே 53-ஐ வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தவள் நான். டீபக் பில்டா (பிழை தேடுவதற்கானது), ரிலீஸ் பில்டா (மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கானது) என்று பில்ட் செய்தவரைக் கேளுங்கள். டீபக் என்றால், பில்ட் செய்யும் மென்பொருளான விசுவல் ஸ்டுடியோவோடு வரும் டீபக் ரன்டைமை (ஓடுவதற்குத் துணையான டிஎல்எல்களை) தேடும், அது உங்கள் கம்ப்யூட்டரில் ஏது? ரிலீஸில் பில்ட் செய்து வாங்குங்கள். கூடவே ரிலீஸ் பில்டுக்கு வேண்டிய ரன்டைமைத் தரும் விசுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள், 64 பிட், இன்ஸ்டால் செய்யுங்கள்.

டெஸ்பாட்ச்_அம்பத்தூர்:
டீபக் பில்டேதான் அக்கா. இரண்டையும் செய்துவிட்டு மத்தியானம் அதே பெட்டியை வைத்தோம். கட்டத்தில் 18.4 விழுந்தது. இருவருக்கும் ரொம்ப நன்றி. சோர்ஸை இன்னொரு பென்டிரைவிலும் போட்டு வைத்துவிட்டேன்.