அமுங்கிய நுரையீரலில் ரத்தக் குழாய் எதை உணர்கிறது?

அனைவருக்கும் வணக்கம். மயக்கவியல் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த வாரம் இளைய மாணவர்களுக்கு ஒற்றை நுரையீரல் சுவாசம் (அறுவையின்போது ஒரு நுரையீரலை அமுங்கவிட்டு, மற்றதற்கு மட்டும் காற்று செலுத்துவது) பற்றிப் பாடம் எடுக்க வேண்டும். ஓரிடத்தில் நான்கு நாட்களாகச் சிக்கி நிற்கிறேன்.

ஆக்சிஜன் குறைந்தால் உடலின் மற்ற ரத்தக் குழாய்கள் விரியும். நுரையீரலின் சிறு தமனிகளோ இறுகும். 1946இல் ஆய்வாளர்கள் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளில் காட்டிய விந்தை இது. ஒரு மடையை அடைத்து அடுத்த வயலுக்கு நீர் பாய்ச்சுவதுபோல, காற்றுள்ள பகுதிக்கு ரத்தம் திரும்புகிறது. எத்தனை அழகான ஏற்பாடு!

ஆனால் முழுவதும் அமுங்கிய நுரையீரலில் காற்றே இல்லையே, அங்கே தமனி எதை உணர்கிறது? கலப்புச் சிரை ரத்தத்தின் (உடலெங்கும் இருந்து திரும்பி நுரையீரலுக்கு வரும் ரத்தத்தின்) ஆக்சிஜன்தான் முக்கியத் தூண்டல் என்று படித்தேன். அப்படியானால் இதய வெளியேற்றம் (இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ரத்த அளவு) கூடி அந்த ஆக்சிஜன் உயரும்போது, இறுக்கம் தளர்ந்து அமுங்கிய பக்கத்துக்கே மீண்டும் ரத்தம் பாயுமா? அறுவை அரங்கில் இதைக் கண்ட மூத்த மருத்துவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

குழாய்கள் மடிந்து நசுங்குவதே ரத்த ஓட்டம் குறையக் காரணம் என்று சிலர் கற்பிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விலங்குச் சோதனையில், அமுங்கிய நுரையீரலை நைட்ரஜனால் விரித்தபோது ஓட்டம் கூடவில்லை. ஆக்சிஜன் செலுத்தியபோதுதான் கூடியது. மாணவர்களிடம் இதை உறுதியாகச் சொல்லலாமா? கரும்பலகையில் வரையக்கூடிய எளிய படம் யாரிடமாவது இருந்தால் பெரும் உதவியாக இருக்கும்.